மொரிசியஸ் முற்றத்துக்குக் காற்றுத் தடுப்பு: சுவரா, மூங்கிலா, சவுக்கா?

மொரிசியஸின் தென்கிழக்கில், மாயேபூர்க் ஊர்ப் பக்கத்துக் கரையில் முற்றம் அமைப்பவர் முதலில் காற்றைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று ஓயாது. தைப்பூசக் காவடி சமயத்திலோ புழுக்கம். அதே காற்று கொஞ்சம் வராதா என்று இருக்கும். ஆகவே முழுக்க அடைப்பது தீர்வல்ல, பாதி விடவேண்டும்.

2 மீட்டர் உயர கான்கிரீட் பிளாக் சுவர் அதைச் செய்யாது. ஒட்டி உட்கார்ந்தால் அமைதிதான். ஆனால் மேலேறித் தாண்டும் காற்று உள்ளே சுருண்டு இறங்கும். சில மீட்டர் தள்ளி இருக்கும் துளசி மாடத்தில் அகல் அணைவது அதனால்தான். புயலிலோ முழுப் பாரமும் சுவர்மேல். மணிக்கு 250 கி.மீ. காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ அழுத்தும். 10 மீட்டர் நீளத்துக்கு 6 டன். 1975-இல் வந்த ஜெர்வேஸ் புயலின் வீச்சு இதையும் தாண்டியது. கம்பியும் தூணும் இல்லாத ஒற்றைப் பிளாக் சுவர் சாய்வதில் வியப்பில்லை. இடம் குறுகல் என்றால் காற்று ஊடுருவும் துளைப் பிளாக் வைக்கலாம்: பாரமும் குறையும், சுழலும் குறையும்.

இடம் இருந்தால் எங்கள் ஓட்டு மூங்கில் வேலிக்கே. வேர் ஓடும் ரகம் வேண்டாம், புதராக வளரும் ரகமே நல்லது. முக்கால் மீட்டருக்கு ஒரு குத்து. வெளிச்சம் பாதி ஊடுருவும் அளவுக்கு அடர்த்தி போதும். 2 மீட்டர் வேலி 20 மீட்டர் வரை காற்றைத் தணிக்கும், 6 முதல் 10 மீட்டருக்குள் நிழலிருக்கை போட்டால் சுகம். கெடுவது இரண்டு இடத்தில். வயதான மூங்கில் அடியில் இலை உதிர்த்து வெறுமையாகும், அந்தச் சந்தில் காற்று பீய்ச்சும். முன்னால் குட்டைச் செடி வரிசை வையுங்கள். வாசல் திறப்பும் அப்படித்தான், நேராக விடாமல் இரண்டு வரிசையை ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் நடவேண்டும். நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் உச்சியைக் கழித்துவிடுங்கள்.

சவுக்கு உப்புக்காற்றைத் தாங்கும், வேகமாக வளரும். கடற்கரைக்குச் சரி. வீட்டருகே வேண்டாம்: புயலில் வேரோடு சாயும், ஊசியிலை கூரையோர மழைநீர்க் குழாயை அடைக்கும். மரம் எட்டும் உயரத்துக்குக் குறையாத தூரம் விட்டு நடவும்.

நட்டது சரியா என்று பார்க்க, இருக்கை உயரத்தில் ஊதுபத்தி கொளுத்துங்கள். புகை ஒரே பக்கம் மெல்லச் சாய்ந்தால் சரி. வேலியை நோக்கித் திரும்பிச் சுழன்றால் அடர்த்தி அதிகம், சில கழிகளை வெட்டி எடுங்கள். பத்தியைத் தரையருகே பிடிக்கும்போது புகை பறந்தால் அடி திறந்திருக்கிறது.