லேப்டாப் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதா? பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு என்ற இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருக்கும் நீலகிரிப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

என் தங்கை கோவையில் படிக்கிறாள். உபுண்டு போட்டதிலிருந்தே, அதை மூடி விண்டோஸுக்கு வந்தால் காலை 9 மணிக்கு 3.30 என்று காட்டும். திருத்தி வைத்தாலும் உபுண்டுக்குள் போய் வந்தால் பழையபடி ஆகிவிடும். லீவுக்குக் கோத்தகிரி வந்தபோது ஊட்டியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தாள்.

"இந்தப் பனிக்கும் ஈரத்துக்கும் போர்டு பேட்டரி நிக்காதும்மா" என்று, உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் சின்ன பேட்டரியை மாற்றக் கடைக்காரர் ரூ.1,200 வாங்கிக்கொண்டார். பில் இல்லை, கழற்றிய பேட்டரியையும் தரவில்லை. வீட்டுக்கு வந்தால் அதே ஐந்தரை மணி நேரம். மறுபடி போனதும் மதர்போர்டு கோளாறு, ரூ.8,000 ஆகும் என்றார். அவள் தயங்கியதும், "வெச்சுட்டுப் போம்மா, வேற வழி பாக்கறேன்" என்று வாங்கி வைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் உபுண்டுவை அழித்துவிட்டார். மணி சரியாகிவிட்டது, அவளுடைய புராஜெக்ட் போய்விட்டது. கேட்டால், "பேக்கப் எடுக்கறது உங்க வேலை" என்று பதில்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஐந்தரை மணி நேரத்திலேயே விடை இருக்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரமான யுடிசியை விட 5.30 மணி முன்னால் ஓடுகிறது. போர்டில் உள்ள கடிகாரத்தில் உபுண்டு யுடிசியை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஹார்டுவேரில் பழுதே இல்லை. பேட்டரி போனால் தேதியே பழைய வருடத்துக்குத் தாவும், பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கும் அழியலாம். ஒவ்வொரு முறையும் கணக்காக ஐந்தரை மணி நேரம் தப்ப வைக்கிற பேட்டரி எதுவும் கிடையாது.

சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. உபுண்டுவில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று (timedatectl set-local-rtc 1) கொடுத்தால் உபுண்டுவும் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே எழுதும். கோடையில் மணியைத் தள்ளி வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லாததால் நமக்கு இதில் தொந்தரவு வராது. விண்டோஸ் பக்கம் மாற்றுவதென்றால் அதன் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' (RealTimeIsUniversal) என்ற மதிப்பை 1 ஆக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் இந்தமுறை தலைகீழாகத் தப்பும்.

கடையில் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், "எதையும் அழிக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பொருளையும் பில்லையும் கேளுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டார்கள் என்றால் லேப்டாப்பை உடனே அணையுங்கள், அந்த டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதாதீர்கள். வேறு கம்ப்யூட்டரில் தயார்செய்த பென் டிரைவிலிருந்து 'டெஸ்ட்டிஸ்க்' (TestDisk) என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், அழிந்த பார்ட்டிஷனை (உபுண்டு இருந்த டிஸ்க் பகுதியை) மீட்க வாய்ப்புண்டு. புகார் கொடுக்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.