வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் எங்கே போவது?

பெற்றவர்களோடு ஒட்டாமல் போன, இல்லை வீடே வெளியே தள்ளிவிட்ட யூதப் பிள்ளைகளுக்கு இஸ்ரேலில் உள்ள புகலிடங்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். குடும்ப இல்லம், இளைஞர் கிராமம், பதினெட்டு தாண்டியவர்களுக்கான இடைக்கால வீடு. எது மேல் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஷப்பாத், அதாவது யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள், தொடங்கியதும் அநேக ஊர்களில் பஸ் நின்றுவிடும், கடைகள் சாத்திவிடும், எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். போக வீடில்லாத பிள்ளைக்கு வாரத்திலேயே நீளமான இரவு அது.

குடும்ப இல்லத்தை ஹீப்ருவில் 'மிஷ்பஹ்தோன்', அதாவது சின்னக் குடும்பம் என்பார்கள். பர்தேஸ் ஹன்னாவில் இருக்கும் நெவே மிக்கேல் இந்த முறையில் நடக்கிறது. ஒரு தம்பதி, அவர்களுடைய பொறுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். வீட்டு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், வீட்டு அப்பா திராட்சை ரசக் கோப்பையோடு கித்தூஷ் பிரார்த்தனை சொல்லி ஹல்லா ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறார், அப்புறம் பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. அண்ணன் தம்பிகளைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளவும் இதுதான் தோது. ஆனால் பதினைந்து வயதில் வந்து சேரும் பிள்ளை, "எனக்கு அம்மா இருக்கிறாள், நீங்கள் யார்?" என்றுதான் கேட்கும். சில வருடங்களில் அந்தத் தம்பதி வேலையை விட்டுப் போனால், பிள்ளைக்கு இரண்டாவது முறையாக வீடு போகிறது.

அந்த வயதுக்கு என் ஓட்டு, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இளைஞர் கிராமத்துக்கு. 1933-இல் பெர்லினில் ரெக்கா ஃபிரையர் தொடங்கிய, யூதப் பிள்ளைகளை நாஜி ஜெர்மனியிலிருந்து பாலஸ்தீனத்துக்கு அனுப்பிய யூத் அலியா அமைப்பு வளர்த்தெடுத்த மரபு இது. கார்மெல் மலைமேல் 1953-இல் தொடங்கிய யெமின் ஓர்டேவில் எத்தியோப்பியாவிலிருந்தும் பழைய சோவியத் நாடுகளிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். பண்டிகை விடுமுறைக்கும் அங்கே கதவைச் சாத்துவதில்லை, படித்து முடித்துப் போனவர்களும் திரும்பி வரலாம். இந்த இரண்டுக்காகவே அதை மேலே வைக்கிறேன். குறையும் உண்டு. இத்தனை பேருக்கு நடுவில் வாய் திறக்காத பிள்ளை கண்ணில் படாமலே போய்விடலாம்.

அதற்கு வழியை போலந்தின் வார்சாவில் மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் முன்பே காட்டிவிட்டார். க்ரோக்மால்னா தெருவில் 1912-இல் திறந்த அவருடைய யூத அநாதை இல்லத்தில், பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. கோர்ச்சாக்கின் மேலேயே பிள்ளைகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் தன் பேச்சு எடுபடாமலே வளர்ந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பெரியவரையும் கேள்வி கேட்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! எந்த இல்லத்தைப் பார்க்கப் போனாலும், பிள்ளைகள் புகார் சொன்னால் என்ன நடக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

இடைக்கால வீட்டின் கதை வேறு. மத விதிகளை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஹரேதி யூத சமூகத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்காக 1991-இல் தொடங்கிய ஹில்லெல் அமைப்பு இப்படிப்பட்ட வீடுகளை நடத்துகிறது. கணக்கும் ஆங்கிலமும் சரியாகப் படிக்காமல், வீட்டாரின் பேச்சுவார்த்தையும் அறுந்துபோய் வருகிறவர்கள் பலர். இவர்களுக்கு இன்னொரு அம்மா அப்பாவைக் காட்டினால் மூச்சு முட்டும். தனிச் சாவியும், கூப்பிட்டால் எடுக்கிற சமூகப் பணியாளரும் போதும். ஆனால் "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் சுதந்திரமே பாரமாகிவிடும். அதனால் ஏதாவது ஒரு குடும்பத்தோடு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தால்தான் இதைச் சிபாரிசு செய்வேன்.

கட்டாய ராணுவச் சேவையில் சேர்ந்த பிறகு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீட்டு ஆதரவு இல்லாத இஸ்ரேலியப் பிள்ளைக்கும் 'தனிச் சிப்பாய்' என்ற தகுதி உண்டு, உதவித்தொகையும் வரும். ஆனாலும் வார விடுப்பில் அழுக்குச் சீருடையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பஸ் நிற்பதற்குள் எங்காவது போய்ச் சேர வேண்டுமே. கதவைத் தட்டினால் மூட்டையை வாங்கி மெஷினில் போட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைக்க அங்கே யாராவது இருக்கிறார்களா?