துருப்பிடித்த எம்ஜிபியா, ஸ்பிட்ஃபையரா? வீட்டில் சீரமைக்க எதை வாங்கலாம்

“சேசிஸ் (அடிச்சட்டம்) தனியாக இருக்கிற வண்டிதானே, மேல்தகடு துருப்பிடித்தால் என்ன?” பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபையர் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வீட்டில் வைத்திருந்த குடும்பத்தினரிடம் இந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஹெரால்டின் சேசிஸில் நடு முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் கைகள் நீளும். அவற்றை இணைக்கப் பக்கச் சட்டங்கள் ஓடும். கதவுக்குக் கீழே தெரியும் தகடு அங்கே வெறும் மூடிதான். போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அது உளுத்துப்போனாலும் வண்டி வளையாது. ஸ்பிட்ஃபையர் ஹெரால்டின் நெருங்கிய உறவு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது வேறு பிறவி. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணத்தைவிடப் பெரிய இழப்பு காத்திருக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில். ஸ்பிட்ஃபையர் பிறந்த கேன்லி தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது. அதன் போட்டியாளரான எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி பிறந்த ஆபிங்டன் தெற்கே, ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகில். இரண்டு கார்களும் 1962இல் வெளிவந்தன. இரண்டின் தயாரிப்பும் 1980இல் நின்றது. எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது, ஸ்பிட்ஃபையர் மூன்று லட்சத்துக்கு மேல். இத்தனை வண்டிகள் ஓடியதால் உதிரிபாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டிலேயே சீரமைக்க ஆசைப்படும் ஒருவர் இங்கே பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார். நான் ஒரு எம்ஜிபி ஜிடியை, அதாவது நிலையான கூரையுள்ள எம்ஜிபியை, முடித்திருக்கிறேன். ஒரு ஸ்பிட்ஃபையர் மார்க் 3 இப்போது கொட்டகையில் பாதி வேலையில் நிற்கிறது.

வேகத்தையும் குதிரைத்திறனையும் இங்கே விரித்துப் பேசப்போவதில்லை. வீட்டில் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோவதை நான் பார்த்த இடங்களிலெல்லாம் காரணம் தகடுதான், எஞ்சின் அல்ல.

கதவுக்கு அடியில் இருக்கும் பெட்டி

முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை கதவின் அடியில் ஓடும் பெட்டி வடிவத் தகட்டுக்குச் ‘சில்’ என்று பெயர். சில் பெட்டி என்றே எழுதுகிறேன். இரண்டு வண்டிகளின் தலைவிதியும் அதில்தான் இருக்கிறது.

ஸ்பிட்ஃபையரை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. மாதிரி வண்டி தயாராகியும், தயாரிப்பு நிறுவனமான ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் பணமுடையில் இருந்ததால் அதைத் துணி போர்த்தித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் நிறுத்திவைத்துவிட்டார்கள். 1961இல் நிறுவனத்தை லேலண்ட் வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து உடனே ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த மாதிரியின் அடியில் இருந்தது ஹெரால்டின் சேசிஸ்தான். ஆனால் சக்கர இடைவெளி 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைந்தது. பக்கச் சட்டங்களும் போய்விட்டன. தாழ்வான, எடை குறைந்த வண்டி வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. பக்கச் சட்டங்கள் தாங்கிய பாரத்தை யாராவது தாங்க வேண்டுமே? அந்த வேலை சில் பெட்டிகளுக்கு வந்தது. பின்சக்கரங்களை முன்பின் நகராமல் பிடிக்கும் தண்டுகள்கூடச் சேசிஸில் அல்ல, உடலில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே ஸ்பிட்ஃபையரின் சில் பெட்டி உளுத்தால் பின்சக்கரத்தின் பிடிமானமே தளர்கிறது. ஹெரால்டைப் பார்த்துப் பழகிய கண் இங்கேதான் ஏமாந்துபோகிறது.

எம்ஜிபியில் இந்த மயக்கமே இல்லை. அதற்கு முந்தைய எம்ஜிஏவுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. எம்ஜிபிக்கு உடலே சேசிஸ். சில் பெட்டி உளுத்தால் வண்டி நடுவில் தொய்யும் என்பது வாங்குபவர் எல்லாருக்கும் தெரியும். அதனால் பயத்தோடு பார்க்கிறார்கள், கவனமாகப் பார்க்கிறார்கள். ஸ்பிட்ஃபையரில் அந்தப் பயம் இல்லாததுதான் ஆபத்து.

வெட்டும்போது எது எளிது

எம்ஜிபியின் சில் பெட்டி நான்கு தகடுகளால் ஆனது. வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, உள்தகடு, அடியில் தரைத்தகட்டோடு சேரும் ‘காசில்’ தகடு. துரு கீழிருந்து தொடங்கி நடுத்தகட்டைத் தின்று, கடைசியாகத்தான் வெளியே தலைகாட்டும். வெளித்தகட்டில் விரல் நுழையும் ஓட்டை தெரிந்தால் உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதை மாற்ற முன் ஃபெண்டரைக் கழற்றியாக வேண்டும். அது போல்ட்டில் நிற்பதுதான். ஆனால் கண்ணாடித் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் போல்ட்டுகளை டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடித்தான் கழற்ற வேண்டும். பின் ஃபெண்டர் வெல்டிங்கால் ஒட்டியது. சில் பெட்டியின் பின்முனை அதற்குள் ஒளிந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் இருக்கும் கீழ்மூலையை வெட்டித் திறக்காமல் அந்த முனையை எட்ட முடியாது. திறக்காமல் விட்டால், புதுத்தகட்டை உளுத்துப்போன தகட்டின் மேல் ஒட்டிவிட்டு வருகிறோம் என்று பொருள்.

ஸ்பிட்ஃபையரில் இந்த வேலை குறைவு. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு பலத்தகடு, அவ்வளவுதான். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிச் சாய்வதால், அதைக் கழற்றி ஓரமாக வைத்ததும் சில் பெட்டியின் முன்முனை கண்ணெதிரே வந்துவிடுகிறது. தகடுகளின் விலையும் குறைவு. இந்த அளவில் பார்த்தால் ஸ்பிட்ஃபையர்தான் முந்துகிறது.

ஆனால் வெட்டும்போது வண்டியை நேராகப் பிடித்துக்கொள்வது யார்? இந்தக் கேள்விக்கு ஸ்பிட்ஃபையரிடம் நல்ல பதில் இல்லை. மேற்கூரை இல்லை, பக்கச் சட்டம் இல்லை, சில் பெட்டியையும் வெட்டியாயிற்று. உடலில் மிஞ்சுவது மெல்லிய தரைத்தகடுதான், அடியில் சேசிஸின் நடு முதுகெலும்பு மட்டும். நிலையான கூரை இல்லாத எம்ஜிபி ரோட்ஸ்டரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். எம்ஜிபி ஜிடி மட்டும் இங்கே தனித்து நிற்கிறது. 1965இல் பினின்ஃபரீனா வடிவமைத்த அந்தக் கூரை அழகுக்காக மட்டும் இருப்பதல்ல. சில் பெட்டி திறந்திருக்கும் வாரங்களில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிணைத்து வைத்திருப்பதும் அதுதான். முதல்முறை வெல்டிங் துப்பாக்கியைப் பிடிப்பவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. அதிலும் ஜிடியின் விலை ரோட்ஸ்டரைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது.

எந்த வண்டியானாலும் வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில், கதவுக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குச் சதுரக் குழாயை வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்துவிடுங்கள். வண்டியின் எடை சக்கரங்களின் வழியாகவோ, ஆக்சிலுக்கு அடியில் வைத்த தாங்கிகளின் வழியாகவோதான் இறங்க வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்தால் உடல் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை வெட்டுவதற்கு முன்னும், புதுத்தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பிடித்த பின்னும், முழுதாக ஒட்டிய பின்னும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடியாமல் மறுபக்கத்தில் கிரைண்டரை வைக்காதீர்கள். ஸ்பிட்ஃபையரில் இன்னொரு விதியும் உண்டு. உடலைச் சேசிஸிலிருந்து தூக்கிவிட்டால் வேலை எளிதாகும் என்று தோன்றும். சில் பெட்டிகளைச் சரிசெய்து முடிக்கும் வரை தூக்கவே கூடாது. அந்த வண்டிக்கு இருக்கும் ஒரே அளவுகோல் அந்தச் சேசிஸ்தான்.

என் ஸ்பிட்ஃபையரை விற்றவர், சில் பெட்டிகள் ‘சமீபத்தில் மாற்றியவை’ என்று எழுதியிருந்தார். பெயிண்டும் பளபளவென்று இருந்தது. கொட்டகையில் வைத்து வெளித்தகட்டைப் பிரித்தபோது, உள்ளே பழைய வெளித்தகடு துண்டு துண்டாக இருந்தது. அதன் மேல் புதுத்தகட்டைப் போர்த்திப் பட்டி பார்த்து மறைத்திருந்தார்கள். பலத்தகடு இருந்த இடத்தில் செம்பழுப்புத் தூள்தான் மிஞ்சியிருந்தது. இந்த மோசடி எம்ஜிபியிலும் சகஜம். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பல ஆண்டுகளாக யாருமே அடியில் படுத்துப் பார்த்திராத வண்டிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். எங்கே அது ஒட்டாமல் நழுவுகிறதோ, அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: தொடக்க கால எம்ஜிபிகளின் பானெட் அலுமினியம். அதில் காந்தம் ஒட்டாது. அது குறையும் இல்லை.

மற்ற தகடுகள்

ஸ்பிட்ஃபையரின் அந்த அழகான முன் பானெட்தான் அதன் இரண்டாவது கண்டம். இரு பக்க ஃபெண்டர்கள், மூக்கு, சக்கர வளைவுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பெரிய பொருள் அது. தகடுகள் சேரும் ஒவ்வொரு மடிப்பிலும் சேறு தங்கும். ஒரு மூலையைச் சரிசெய்தால் இன்னொரு மூலை கோணும். எல்லாம் முடிந்த பிறகும் கதவோடு நேராகச் சேர்க்கக் கீல்களில் நாள்கணக்கில் போராட வேண்டும். முழுப் பானெட் மலிவாகக் கிடைப்பதும் இல்லை. எம்ஜிபியில் ஒரு ஃபெண்டர் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

சேசிஸைப் பொறுத்தவரை ஸ்பிட்ஃபையர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. எஞ்சினிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் அறுபது ஆண்டுகளாகக் கசிந்த எண்ணெயே நடுப்பகுதியைக் காத்திருக்கும். உடலின் முன்பகுதியைத் தாங்கும் சிறு கைகளை மட்டும் தட்டிப் பாருங்கள். எம்ஜிபியில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பாட்டரிப் பெட்டிகளையும், பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். 1974க்கு முந்தைய வண்டிகளில் ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு அங்கே இருந்தன. சிந்திய அமிலமும் சாலை ஈரமும் சேர்ந்து தகட்டைத் தின்றிருக்கும்.

எம்ஜிபிக்கு மட்டும் உள்ள இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988இல் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து எம்ஜிபி ரோட்ஸ்டரின் முழு உடலையே மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. விலை பத்தாயிரம் பவுண்டுக்கும் மேல். பழைய வண்டியின் பாகங்களையெல்லாம் அதில் மாற்றிவிடலாம். நான் அதை விரும்பவில்லை. பிறகு மிஞ்சுவது அதே வண்டிதானா என்ற கேள்வி என்னை உறங்கவிடாது. ஆனால் இரண்டு சில் பெட்டிகள், தரை, நான்கு ஃபெண்டர்கள் என எல்லாமே போன ரோட்ஸ்டரைக் கையில் வைத்திருப்பவரிடம் நான் தயங்காமல் சொல்வேன்: தனித்தனித் தகடுகளுக்கும் இரண்டு குளிர்காலங்களுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

துருவை நீக்கும் முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரு பக்கமும் கை எட்டும் தகட்டை ஒயர் பிரஷ்ஷாலும் பாஸ்பாரிக் அமிலத்தாலும் காப்பாற்றலாம். பெட்டிக்குள் பிடித்த துருவை எந்தத் திரவமும் முழுதாகக் கொல்லாது; அங்கே வெட்டுவது ஒன்றே வழி. மணல் பீச்சும் முறையை ஸ்பிட்ஃபையரின் பானெட் போன்ற அகலமான மெல்லிய தகட்டில் செய்ய விடாதீர்கள். அலையலையாக நெளிந்துவிடும், திரும்ப வராது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு மிக் வெல்டிங், 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் கலந்த வாயு போதும். தொடர்ச்சியாக இழுக்காமல், விரற்கடை அளவு ஒட்டி, வேறிடம் போய், ஆறிய பின் திரும்பி வாருங்கள். முதலில் பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

எஞ்சின் பக்கம் சுருக்கமாக

எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் முரட்டு உழைப்பாளி. 1964 இறுதிக்குப் பின் வந்த ஐந்து பேரிங் வகை (கிராங்க் தண்டை ஐந்து இடங்களில் தாங்குவது) இன்னும் உறுதி. ஸ்பிட்ஃபையரில் ஒரு சோதனை அவசியம். ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் முன்பக்கம் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்பின் நகர்ந்தால், கிராங்க் தண்டை நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை கழன்று விழுந்திருந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகியிருக்கலாம். முன்சக்கரம் திரும்பும்போது சுழலும் கீழ்மூட்டான ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். ஹெரால்ட் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

என் தேர்வு

முதல் வண்டி என்றால், குரோம் பம்பர் எம்ஜிபி ஜிடி. சில் பெட்டிகள் உளுத்திருந்தாலும் பரவாயில்லை, கூரையின் ஓரங்களும் கண்ணாடித் தூண்களும் உறுதியாக இருந்தால் போதும். கழற்றாத, முழுதாகச் சேர்ந்திருக்கும் வண்டியாகப் பாருங்கள். யாரோ பிரித்துப் பெட்டிகளில் போட்டு விற்கும் வண்டியில் கதவு எப்படி மூடியது என்று சொல்ல ஆளே இருக்காது.

கொட்டகை சிறியது, எடை குறைந்த வண்டி வேண்டும், பானெட்டைத் திறந்து டயரின் மேல் உட்கார்ந்தபடி எஞ்சினில் வேலை செய்யும் சுகம் வேண்டும் என்றால் ஸ்பிட்ஃபையரை வாங்குங்கள். அந்த வண்டியை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் துரு தரையிலோ, டிக்கியிலோ, சேசிஸின் சிறு கைகளிலோ இருக்கட்டும். சில் பெட்டியில் வேண்டாம். பார்க்கப் போகும்போது இரு கதவுகளையும் பத்து முறை திறந்து மூடுங்கள். பிறகு ஒருவரைக் கதவோரம் நிறுத்தி, முன் சஸ்பென்ஷனுக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தை மட்டும் மெல்லத் தூக்குங்கள். கதவின் பின் விளிம்பில் உள்ள இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்தால், ஜாக்கியை இறக்கிவிட்டு விற்பவருக்கு நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.