ப்ராசஸரை மட்டும் மாற்றுவதா, மொத்தத்தையும் மாற்றுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும், என் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11-ஐ ஏற்றப் பார்த்தேன். ப்ராசஸருக்குத் தகுதியில்லை என்று வந்தது. 2018-இல் வாங்கிய ஏஎம்டி ரைசன் 3 2200ஜி ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம். பெயரில்தான் அது 2000 வரிசை. உள்ளே இருப்பது ஏஎம்டியின் ஜென் வடிவமைப்பில் முதல் தலைமுறை. அதனால் அதே 2000 வரிசையில், அடுத்த வடிவமைப்போடு வந்த ரைசன் 5 2600 பாஸ், என்னுடையது ஃபெயில்.

கடையில் கேட்டால், "இதெல்லாம் பழசு சார், புது செட்டாவே எடுத்துடுங்க" என்றார்கள். அதே வாரம் அத்தை மகன் போன் செய்தான். "மச்சான், என் ஐ3-ஐத் தூக்கிட்டு ஐ7 போட்டா போதும்ல?" அவனுக்கு மொத்தச் செலவும் ப்ராசஸரோடு முடிந்துவிடும் என்று நம்பிக்கை, நான் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரருக்கு ஆசை. பார்த்தால் விஷயம் இரண்டு பக்கமும் தலைகீழ்.

முதலில் அவனுடையது. இன்டெல் ஐ3-4130 ப்ராசஸர், எச்81 போர்டு, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு வழக்கம்போல வேலை பார்க்கச் சொன்னேன். பிரவுசரில் நாலு டேப் திறந்ததுமே டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றுகொண்டது; ப்ராசஸர் பாதிகூட எட்டவில்லை. சும்மா இருக்கிறவனை மாற்றிவிட்டு, மூச்சு வாங்குகிறவனை அப்படியே விட்டால் என்ன பயன்?

ஐ7-4770 மோசமான ப்ராசஸர் இல்லை. 2 கோர் 4 த்ரெட் இருந்த இடத்தில் 4 கோர் 8 த்ரெட் வரும் (கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை பார்க்கும் பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை). ஆனால் அது 2013-இல் வந்த சாமான். இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியதுதான். 54 வாட் இருந்த இடத்தில் 84 வாட், எனவே ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் விண்டோஸ் 11-இன் பட்டியலில் அதற்கு இடமில்லை, இன்டெலில் பட்டியல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, இது நாலாம் தலைமுறை. அதே பணத்தில், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கினால் இன்றே வேகம் தெரியும், நாளைக்குப் புது மெஷின் எடுத்தால் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். ஐ7-ஐயோ டிடிஆர்3 ராமையோ அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. எஸ்எஸ்டியும் கூட ஒரு 4 ஜிபி ராமும் போடச் சொன்னேன். அவனுக்கு இன்னும் ஐ7 ஆசை தீரவில்லை என்பது வேறு விஷயம்.

என் கதை வேறு. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தது. வீடியோ எக்ஸ்போர்ட் கொடுத்தால் நாலு கோரும் 100-இல் நிற்கும். அதுவரை வேறு எதையும் தொட முடியாது. இங்கே ப்ராசஸர்தான் குறுக்கே நிற்கிறது. நல்ல வேளையாக, ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி மாற்றாமலே பல வருடம் ஓட்டியது. 2018 போர்டில் ஜென் 3 ப்ராசஸர் உட்காரும்.

அதில்தான் ரைசன் 5 5600, 5600ஜி குழப்பம். இரண்டும் 6 கோர் 12 த்ரெட், இரண்டும் 65 வாட், இரண்டும் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 5600-இல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5600ஜி-யில் பாதிதான். கார்டுகளை இணைக்கும் பாதையான பிசிஐஇ-யின் 4.0 பதிப்பும் 5600-க்குத்தான், ஆனால் பி450 போர்டே 3.0 என்பதால் எனக்கு அது கணக்கில் வராது. காகிதத்தில் 5600 ஜெயிக்கிறது. ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது! தனி கார்டு இல்லாமல் அதை மாட்டினால் ஃபேன் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். கேம் ஆடுகிறவர், கார்டு வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு 5600 எடுக்கலாம். எனக்குக் கார்டு இல்லை, எனவே கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி. 5700எக்ஸ்3டி பக்கம் நான் போகவே இல்லை. அதன் 96 எம்பி கேஷுக்கு வேலை கொடுக்க நல்ல கார்டு வேண்டும்.

புது செட்? ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான், போர்டும் ராமும் சேர்த்து வாங்க வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பேச்சே எடுபடவில்லை. டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டில் இன்டெல் ஐ3-12100 போடுவது நடுவழி. அத்தை மகன் ஒருநாள் எல்லாவற்றையும் மாற்றும்போது அதைப் பார்க்கலாம். எனக்குப் போர்டு நன்றாக இருக்கும்போது இன்னொரு போர்டு எதற்கு? மிச்சமான காசில் இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கினேன். ஆன்போர்டு கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்குகிறது. ஒற்றை ஸ்டிக்கில் ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே டேட்டா போகும் பாதை பாதியாகிவிடும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே, போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். 2018 பயாஸுக்கு 5600ஜி யாரென்றே தெரியாது. யுபிஎஸ் இல்லாமல் அந்த அப்டேட்டில் கை வைக்காதீர்கள். புதியதைப் போட்டு ஆன் செய்ததும், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யட்டுமா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் சரி சொல்லக் கூடாது.

நான் சொதப்பியது கூலரில். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டி, கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இளகிய பிறகு, கூலரை இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன. நான் நேராக மேலே இழுத்தேன். லாக் போட்டபடியே இருந்த சாக்கெட்டிலிருந்து 2200ஜி கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்தது, ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன. லெட் எடுத்த மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மெதுவாக நிமிர்த்தினேன். எப்படியும் கழற்றப் போகிற ப்ராசஸர்தான். ஆனால் ஓஎல்எக்ஸில் விற்க எடுத்த போட்டோவில் அந்த இரண்டும் இன்னும் லேசாகச் சாய்ந்துதான் தெரிகின்றன.