சகுரா முதல் அசகோ வரை: ஒரு ஜப்பானிய நாயகிக்குப் பெயர் பொறுக்கிய கதை

ஜப்பானியப் பெண் பாத்திரத்துக்கு நல்ல பெயர் சொல்லுங்கள் என்று கேட்டால், அர்த்தத்தோடு சேர்த்து வரிசையாக அடுக்கித் தருவார்கள். மலர், நிலவு, பனி, ஒளி என்று எல்லாம் அழகாகவே இருக்கும். அவள் எந்த வருடம், எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது தெரியாமல் ஒரு பெயரை இன்னொன்றோடு ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பாத்திரத்தை முதலில் நிறுத்திவிடுகிறேன். 1955இல் நீகாத்தா மாகாணத்து ஓஜியாவில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். கதை நடக்கும்போது வயது முப்பது. டோக்கியோவில் துணிக்கடை ஒன்றில் வேலை. போட்டியில் உள்ள பெயர்கள் சகுரா, அகனே, சச்சிகோ, யுகிகோ, அசகோ. (ஆங்கில எழுத்து வழியாக வருவதால் அகானே, அசாகோ என்று நீட்டி எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூலத்தில் அவை குறில்கள்.)

செர்ரி மலர் என்று பொருள்படும் சகுராவை உடனே அனுப்பிவிடலாம். ஜப்பானைத் தூரத்திலிருந்து ரசிப்பவர்களின் கை முதலில் போகும் பெயர் அது. பெண் குழந்தைகளுக்கு அது பரவலாக வைக்கப்பட்டது வெகு பின்னால்தான், 1955இல் அபூர்வம். காசு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் கைதட்டும் ஆளையும் பேச்சுவழக்கில் சகுரா என்பார்கள் என்பது உபரித் தகவல்.

அகனேயை அப்படி எளிதில் விட மனம் வரவில்லை. அகனே ஒரு செடி, நம் மஞ்சிட்டியின் பங்காளி. வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அந்திவானத்தின் சிவப்புக்கும் அதே பெயர். நெசவு வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு பொருத்தம்! குறுக்கே நிற்பது சட்டம். ஜப்பானியர் எழுதப் பயன்படுத்தும் சீன எழுத்துகளில் 1850ஐ 1946இல் அரசு பொது வழக்குக்கு என்று பட்டியலிட்டது. 1948 முதல் குழந்தையின் பெயரைக் குடும்பப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமானால் அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் எழுத்து வேண்டியிருந்தது, இல்லையேல் ஒலியெழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. 1951இல் பெயர்களுக்கென்று மேலும் 92 எழுத்துகளைச் சேர்த்தார்கள். அகனேக்கு உரிய எழுத்து அதிலும் இல்லை. அதற்கு அனுமதி கிடைத்தது 1976இல். எனவே நம் பெண் அகனே என்றால் அவள் பெயர் ஹிராகனா என்ற ஒலியெழுத்தில் இருக்கும். ஒலி மிஞ்சும், செடி ஏட்டில் ஏறாது. தமிழில் படிப்பவருக்கு இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அவள் ஒரு படிவத்தில் பெயர் எழுதும் காட்சி வராத வரை நஷ்டமில்லை. எனக்கு அந்தக் காட்சி வேண்டும். அவள் 1980இல் பிறந்தவளாக இருந்தால் இந்தப் பெயரையே வைத்திருப்பேன்.

சச்சிகோ ஆபத்தில்லாத தேர்வு. ‘கோ’ என்ற ஈறு ஒரு காலத்தில் உயர்குடிப் பெண்களுக்கு உரியது. மெய்ஜி காலத்துக்குப் (1868–1912) பிறகு எல்லா வீடுகளுக்கும் வந்தது. 1950களின் முதல் பாதியில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர்களில் முன்னணியில் இருந்தவை எல்லாமே ‘கோ’வில் முடிந்தவை. சச்சி என்றால் நற்பேறு. அந்த எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்தால் ‘துன்பம், காரம்’ என்ற எழுத்தாகிவிடும் என்பது ஜப்பானியர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எழுத்தாளனுக்கு நல்ல தூண்டில்தான், ஆனால் பலரும் பிடித்துத் தின்ற மீன். போதாக்குறைக்கு இந்தப் பெயர் அவள் ஊரைப் பற்றி வாய் திறக்காது.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை யுகிகோவும் அசகோவும். யுகி என்றால் வெண்பனி, அச என்றால் செடியின் நார். ஓஜியாவில் இந்த இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள். ராமிச் செடியின் நாரை நகத்தால் கிழித்து, நுனியோடு நுனி முறுக்கி இழையாக்குவார்கள். இடுப்பில் வார் கட்டி, உடம்பைச் சாய்த்தே பாவு நூலை இறுக்கும் தறியில் நெய்வார்கள். காற்று வறண்டால் இழை அறுந்துவிடும் என்பதால் பனி மூடிய ஈரக் குளிர்காலமே நெசவுக் காலம். நெய்த துணியைக் குளிர்காலத்தின் இறுதியில், வெயிலடிக்கும் நாட்களில், பனிவயலின் மேல் நீளநீளமாக விரித்து வெளுக்க வைப்பார்கள். உருகும் பனியிலிருந்து எழும் ஓசோன்தான் வெளுக்கிறது என்பது அங்கே சொல்லும் காரணம். இந்த நெசவை ஜப்பானிய அரசு முக்கியமான கலாசாரச் சொத்தாக அறிவித்தது நம் நாயகி பிறந்த அதே 1955இல். யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்தது 2009இல்.

இதைப் படித்தால் யுகிகோதான் என்று தோன்றும். எனக்கு உடன்பாடில்லை. பனிநாட்டுப் பெண்ணுக்குப் பனி என்று பெயர் வைப்பது வெளியூர்க்காரனின் புத்தி. கூரை இடிந்துவிடாமல் இருக்க ஏறி நின்று பனியை வாரித் தள்ளும் வீட்டுக்கு அது கவிதையாகப் படுமா என்பது சந்தேகம். போகிற வழிப்போக்கரை உறைய வைத்துக் கொல்லும் பனிப்பெண்ணின் நாட்டார் கதை வேறு இருக்கிறது. வெளுத்த முகமுள்ள யுகிகோவை எழுதினால் வாசகர் அங்கேதான் போவார். நாரோ அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. மகளுக்கு அந்தப் பெயரை வைக்கும் தாயை என்னால் நம்ப முடிகிறது.

பெயரின் கோடுகளை எண்ணிப் பலன் பார்க்கும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு. பாட்டி அதைக் கையில் எடுத்தாலும் பயனில்லை: பனிக்கு 11 கோடு, நாருக்கும் 11, ‘கோ’வுக்கு 3. இரண்டும் 14தான்.

அசகோவிடம் குறைகள் இல்லாமல் இல்லை. அதே எழுத்துகளை மகோ என்றும் வாசிக்கலாம். பதிவேட்டில் உச்சரிப்பையும் குறிப்பது 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. ‘காலை’ என்ற எழுத்தோடும் ஓர் அசகோ உண்டு. ஆகவே டோக்கியோ கடையில் தொலைபேசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும், “காலை இல்லை, துணி நெய்கிற நார்” என்று அவள் விளக்க வேண்டியிருக்கும். போதைப்பொருளைக் குறிக்கும் சொல்லிலும் இந்த எழுத்து வருகிறது. பள்ளியில் எவனாவது அதைச் சொல்லிச் சீண்டியிருப்பான். எனக்கு இவையெல்லாம் குறையாகவே தெரியவில்லை. ஊரை விட்டு வந்தவள், வாடிக்கையாளரிடம் தினமும் தன் ஊரைச் சொல்லும்படி அந்தப் பெயரே செய்துவிடுகிறது. நான் தனியாக ஒரு பத்தி எழுதி அதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் ஓட்டு அசகோவுக்கே. அவளை ஓஜியாவிலிருந்து பெயர்த்து டோக்கியோவிலேயே பிறக்க வைப்பதானால் இந்தத் தீர்ப்பு செல்லாது. அங்கே நார் வெறும் அலங்காரம். 1955இல் பிறந்த அந்தப் பெண் சச்சிகோவாக இருந்துவிட்டுப் போகட்டும்.