டாப்பர்: பில்லிங் கவுண்டரில் நிற்பவர் விளையாடிப் பார்க்க வேண்டிய 1983ஆம் ஆண்டு விளையாட்டு

ஆர்கேட் விளையாட்டுகளில் (காசு போட்டுப் பெட்டியில் ஆடுபவை) கடைக்காரருக்கு நேரடியாகப் பயன்படுவது எது என்று கேட்டால் பெரும்பாலும் பேக்மேன் என்றுதான் பதில் வரும். ஆனால் பாலி மிட்வே 1983இல் வெளியிட்ட டாப்பர்தான் உண்மையில் கடையைப் பற்றிய விளையாட்டு. மதுக்கடை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

திரையில் நீளமான நான்கு கவுண்டர்கள் இருக்கும். ஒரு முனையில் கதவு, மறுமுனையில் பீர் குழாய். கதவு வழியே வருகிறவர்கள் குழாயை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பரிமாற ஒரே ஆள். அவர் நான்கு கவுண்டருக்கும் மாறி மாறி ஓட வேண்டும். கோப்பையை நிரப்பிக் கவுண்டர் மேல் வழுக்கிவிட்டால், பிடித்தவர் பின்னால் தள்ளப்படுவார். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் அப்படியே வெளியே போய்விடுவார். பாதிவழி வந்துவிட்டவரோ அங்கேயே நின்று குடித்து, காலிக் கோப்பையைத் திருப்பி வழுக்கிவிட்டு, மறுபடி முன்னேறி வருவார்.

உயிர் போகும் வழிகள் மூன்று. வாடிக்கையாளர் குழாய்வரை வந்துவிட்டால் ஒன்று. அவர் பரிமாறுபவரையே பிடித்துக் கவுண்டர் மேல் வழுக்கி எறிந்துவிடுவார். பிடிக்க ஆளில்லாத கவுண்டரில் நிறைந்த கோப்பையை அனுப்பினால் இரண்டு. திரும்பி வரும் காலிக் கோப்பையைப் பிடிக்காமல் கீழே விட்டால் மூன்று. மூன்றுக்கும் ஒரே தண்டனை என்பதுதான் இந்த விளையாட்டின் அருமை. தாமதமாகக் கொடுத்தாலும், தேவைக்கு மேல் கொடுத்தாலும், கொடுத்ததைத் திரும்ப வாங்கத் தவறினாலும் நஷ்டம் ஒன்றுதான்.

முதல் பாடம் தூரம் பற்றியது. கதவருகே இருப்பவருக்கு ஒரு கோப்பை போதும். அதே ஆளைப் பாதிவழி வரவிட்டால் இரண்டோ மூன்றோ செலவாகும், அத்தனை காலிக் கோப்பைகளும் திரும்பி வரும். ஜவுளிக்கடையில் வாசலிலேயே "புடவையா, ரெடிமேடா, எந்த மாடி?" என்று கேட்டு அனுப்புவது ஒரு கோப்பை. அவரே மூன்று மாடி அலைந்து, இரண்டு சேல்ஸ்மேன்களைக் கேட்டு, கடைசியில் கல்லாவில் வந்து குறை சொன்னால் சமாதானத்துக்கு மேலாளரே இறங்கி வர வேண்டியிருக்கும். புதிதாக விளையாடுகிறவர்கள் கூட்டம் அதிகமான கவுண்டருக்கு ஓடுவார்கள். பழகியவர் குழாய்க்கு மிக அருகில் வந்துவிட்ட ஒற்றை ஆளை முதலில் தள்ளிவிட்டு, அடுத்து கதவருகே புதிதாக நுழைந்தவர்களுக்குப் போவார். நடுவில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

காலிக் கோப்பைதான் கடைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி. வேகமாகப் பரிமாறப் பரிமாற, சில நொடிகள் கழித்துக் காலிகள் கும்பலாகத் திரும்பும், அதுவும் கை நிறைய வேலை இருக்கும்போது. டிரையல் ரூம் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. பத்துப் பேர் ஆளுக்கு நான்கு உருப்படி எடுத்துப்போய் ஒன்று வாங்கினால், முப்பது உருப்படி மடிப்புக் கலைந்து வெளியே கிடக்கும். கணினியில் ஸ்டாக் இருக்கும், ரேக்கில் இருக்காது. கூட்டம் குறைந்ததும் அடுக்கலாம் என்று விட்டால் பதினொன்றாவது ஆள் கேட்கும் சைஸ் அந்தக் குவியலுக்குள் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் இதே இடத்தில் கூடையும் தள்ளுவண்டியும். டாப்பரில் தேறுகிறவர் ஒரு கவுண்டருக்கு எத்தனை கோப்பை அனுப்பினோம், எத்தனை திரும்ப வேண்டும் என்று மனக்கணக்கு வைத்திருப்பார். கடையில் அந்தக் கணக்கைத் தலையில் வைக்கத் தேவையில்லை. சீசன் நாளில் திரும்பியதை எடுத்து வைப்பதற்கென்றே ஒருவரை நிறுத்தி, அவரை விற்பனைக்கு இழுக்காமல் இருந்தால் போதும்.

விளையாட்டில் கட்டம் ஏற ஏற கூட்டம் கூடும். கூட்டம் கொஞ்சம் கூடினால் சிரமமும் கொஞ்சம்தான் கூடும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைகிறது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மணிக்கு 60 பேர் பில்லுக்கு வருகிறார்கள், சராசரியாக ஒரு பில் 3 நிமிடம் என்றால் மூன்று கவுண்டர்கள் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். வரிசை குறையவே குறையாது. நான்காவதைத் திறந்து, எல்லாருக்கும் ஒரே வரிசை வைத்தால், வரிசைக் காத்திருப்பைக் கணக்கிடும் எர்லாங் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு சுமார் ஒன்றரை நிமிடம். ஆட்கள் முன்பின்னாக வருவதும் பில் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவதும் இந்தக் கணக்கில் அடக்கம். அதே நான்கு கவுண்டருக்கு 72 பேர் வந்தால் காத்திருப்பு ஏறத்தாழ 6 நிமிடம். கூட்டம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு, காத்திருப்போ நான்கு மடங்கு. ஆகவே ஐந்தாவது கவுண்டரைத் திறக்கும் முடிவை வரிசை நீண்ட பிறகு எடுத்துப் பயனில்லை. வாசலில் ஆள் நுழையும் வேகத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

டிப்ஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. சிலர் கவுண்டர் மேல் காசு வைத்துவிட்டுப் போவார்கள். குழாயை விட்டு ஓடி அதை எடுத்தால் புள்ளி கிடைக்கும், மேடையில் நடனமும் தொடங்கும். சிலர் வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்பார்கள். முன்னேறி வர மாட்டார்கள், சரி. ஆனால் கோப்பையையும் பிடிக்க மாட்டார்கள், அனுப்பியது அவர்களைத் தாண்டிப் போய் உடையும். கடைக்குள் மைக் பிடித்து டெமோ நடத்தும்போதும் இதுதான் நடக்கிறது. அந்தப் பத்து நிமிடம் கல்லா காற்றாடும், பிறகு நின்று பார்த்த அத்தனை பேரும் ஒன்றாக வருவார்கள். டெமோ நேரத்தில் பில்லிங் ஆட்களைச் சாப்பிட அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

பயிற்சிக்குப் பயன்படுத்த அரை மணி நேரம் போதும். ஒருவர் விளையாட, மற்றவர் தாளில் மூன்று பத்தி போட்டு ஒவ்வொரு உயிரும் எந்த வகையில் போனது என்று கோடு போட வேண்டும். பத்து உயிர் போனதும் ஆள் மாற்றலாம். மிகுதிக் கோப்பையில் அதிகம் இழக்கிறவர் பதற்றக்காரர். கொள்முதலை அவர் கையில் தனியாக விடக்கூடாது. காலிக் கோப்பையில் இழக்கிறவரை ரிட்டர்ன் கவுண்டரில் உட்கார வைக்காதீர்கள். விளையாட்டை வைத்து ஆளை எடைபோடலாமா என்றால், முழுக்க வேண்டாம், ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. இங்கே எல்லாருக்கும் ஒரே சரக்கு. விலை கிடையாது, திருட்டு கிடையாது, எக்ஸ்பயரி கிடையாது. பொறுமை இழந்தவர் இங்கே சண்டைக்கு வருவார். கடையிலோ கூடையை ரேக் ஓரம் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார், அது எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. இரவு கடை சாத்தும்போது அநாதையாகக் கிடக்கும் கூடைகளை எண்ணி எழுதி வைப்பதுதான் அதற்கு வழி.

மற்ற இரண்டு பெரிய பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பேக்மேனில் (நாம்கோ, 1980) ஒரு கட்டத்தின் 244 உருண்டைகளையும் தின்றால் 2,600 புள்ளிதான். அவற்றில் நான்கு பெரியவை. அதில் ஒன்றைத் தின்றதும் துரத்தும் பேய்கள் சிறிது நேரம் நீலமாகும், அப்போது அவற்றைப் பிடிக்கலாம். நான்கு பெரிய உருண்டைகளுக்கும் நான்கு பேய்களையும் பிடித்தால் 12,000. ஆனாலும் உருண்டைகள் தீர்ந்தால்தான் கட்டம் முடியும். ஆஃபர் நாள் வசூலில் மயங்கி அன்றாட மளிகை ரேக்கைக் காயவிடுகிறவர்களுக்கு இது பொருந்தும். முதல் கட்டத்தில் 6 நொடி நீலமாக இருக்கும் பேய்கள் 19ஆம் கட்டம் முதல் நீலமாவதே இல்லை. வாராவாரம் தள்ளுபடி போட்டால் தள்ளுபடிக்கும் அதே கதிதான். டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் (1978) ஒரு குண்டு போய் முடியும்வரை அடுத்ததைச் சுட முடியாது. தப்பான ஆர்டர் போட்டுவிட்டு லாரிக்குக் காத்திருக்கும் நாட்களை நினைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கடைக்கு அதில் ஒன்றுமில்லை.

வாங்குகிறவர்களுக்கு: மூல விளையாட்டு பட்வைசர் விளம்பரத்தோடு வந்தது. சிறுவர்களும் வரும் இடங்களுக்காக 1984இல் ரூட் பீர் டாப்பர் என்று மதுவை நீக்கி வெளியிட்டார்கள், ஆட்டம் அதேதான். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2012இல் வந்த மிட்வே ஆர்கேட் ஆரிஜின்ஸ் தொகுப்பில் இருப்பது இந்த வடிவம். கடைப் பயிற்சிக்கு இதுவே நல்லது. மூலப் பெட்டியில் இருந்த இழுக்கும் குழாய்க் கைப்பிடி மட்டும் இதில் கிடைக்காது, பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.