வீட்டுல துப்பாக்கி வெச்சுக்கறதா, இல்ல கிரில்லும் பக்கத்து வீடும் போதுமா? பெங்களூருல நாங்க எடுத்த முடிவு

மாமனார் காலமானதுக்கப்புறம் அவரோட ஆனேக்கல் வீட்டுல இருந்த 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிய என்ன பண்றதுன்னு கேள்வி வந்துச்சு. காட்டுப்பன்னி தொல்லைக்காக அந்தக் காலத்துல லைசென்ஸ் எடுத்து வாங்கினது. லைசென்ஸ்தாரர் இறந்துட்டா அத அப்படியே வீட்டுல வெச்சிருக்கக் கூடாது, ஸ்டேஷன்லயோ ஆர்ம்ஸ் டீலர்கிட்டயோ ஒப்படைச்சுட்டு வாரிசு பேர்ல லைசென்ஸ் கேக்கலாம், இல்லன்னா வித்துடலாம். மச்சான் வெச்சுக்கலாம்னாரு. நானும் என் மனைவியும் வேண்டாம்னோம், கடைசில வித்தாச்சு.

லைசென்ஸ் அலைச்சல், செலவு பத்தி ரொம்ப பேச வேணாம். 2019 திருத்தத்துக்கப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் 5 வருஷத்துக்கு. செலவுன்னு பார்த்தா துப்பாக்கிக்குப் பதிலா நாங்க போட்ட கேமராவும் சும்மா வரல.

எங்களுக்கு முடிவு சொன்னது ஒரே ஒரு விஷயம், அத எங்க வெக்கிறதுங்கறது. முறைப்படி வெக்கிறதுன்னா துப்பாக்கி காலியா லாக்கர்ல, தோட்டா வேற பெட்டியில, சாவி என்கிட்ட. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் பின்கதவ நெம்புறான்னு வைங்க, நான் கண்ணாடி தேடி, சாவி தேடி, லாக்கர் திறந்து, குழல மடிச்சு ரெண்டு தோட்டாவ சொருகி மூடுறதுக்குள்ள அவன் போயிருப்பான் இல்ல என் முன்னாடி நிப்பான். சரி, லோட் பண்ணியே கட்டில் பக்கத்துல வெச்சுக்கலாம்னா, வீட்டுல ஏழாவது படிக்கிற பையன் இருக்கான், அவன் ஃப்ரெண்ட்ஸ் வந்து போறாங்க, அடுத்த வருஷம் பி.யு. (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) ரிசல்ட் பாக்கப் போற பொண்ணு இருக்கா. பூட்டி வெச்சா அவசரத்துக்கு ஆகாது, கைக்கு எட்டுற மாதிரி வெச்சா யார் கைக்கு வேணா எட்டும். இதுக்கு நடுவுல ஒரு வழி எனக்குத் தெரியல. அமெரிக்காவுல 2021ல துப்பாக்கியால செத்தவங்க 48,000க்கு மேல, அதுல பாதிக்கு மேல தற்கொலைன்னு படிச்சப்ப எனக்குத் திருடன் ஞாபகம் வரல, பிள்ளைங்க ஞாபகம்தான் வந்துச்சு. மனசு உடையற அந்த ஒரு மணி நேரத்துல வீட்டுல அது இல்லாம இருக்கறதே பெரிய பாதுகாப்பு.

அப்புறம் சட்டம். தற்காப்பு உரிமை ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் இருக்கு, ஆனா ஆபத்துக்கு ஏத்த அளவுக்குதான். செல்போன எடுத்துட்டு ஓடறவன முதுகுல சுட்டுட்டு கோர்ட்ல தற்காப்புன்னு நிக்க முடியாது.

அதனால பின்கதவுக்கு இரும்பு கிரில், உள்பக்கம் குறுக்குக் கம்பி, காம்பவுண்டுல சென்சார் லைட், ரெண்டு கேமரா போட்டோம். லைட்டு பூனை வந்தாலும் எரியும், எரிஞ்சா எதிர் வீட்டு ஆன்ட்டி உடனே போன் பண்ணி "ஏனாய்த்து?" (என்னாச்சு?)ன்னு கன்னடத்துல கேட்பாங்க. அந்த போன்தான் இதுல ரொம்ப உருப்படியான விஷயம்னு சொல்வேன். 112க்கு அடிச்சா போலீஸோட ஹொய்சளா ரோந்து வண்டியும் எங்க ஏரியாவுக்கு வந்துடுது. ஆனா குடகுல தனி எஸ்டேட்ல, போலீஸ் வர ரொம்ப நேரமாகுற இடத்துல நான் வாழ்ந்ததில்ல. அங்க இருக்கறவங்க கணக்கு வேறயா இருக்கலாம்.

மச்சானோட இன்னொரு வாதம் பெருசு. ஜனங்க கையில ஆயுதம் இருந்தா அரசாங்கம் அடக்கி ஆள முடியாது, அமெரிக்காக்காரன் 1791லயே அத அரசியலமைப்புல எழுதிட்டான், வெள்ளைக்காரன் 1878ல சட்டம் போட்டு நம்மகிட்ட இருந்து ஆயுதத்த பிடுங்கினது சும்மாவான்னு கேட்டாரு. பிடுங்கினது அநியாயம்தான். ஆனா 1930ல ராஜாஜியோட வேதாரண்யம் போனவங்க துப்பாக்கி எடுத்துட்டுப் போகல, எமர்ஜென்சி கொண்டு வந்த ஆட்சிய 1977ல இறக்கினது ஓட்டு. செனோவெத், ஸ்டெஃபன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1900லேர்ந்து 2006 வரைக்கும் நடந்த போராட்டங்கள அலசினதுல ஆயுதமில்லாததுல பாதிக்கு மேல ஜெயிச்சிருக்கு, ஆயுதம் எடுத்ததுல கால்வாசிதான். நம்ம ஊர்ல தேர்தல் அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கிய டெபாசிட் பண்ணுங்கன்னு நோட்டீஸ் வருது, மாமனாரே ஒவ்வொரு தடவையும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போய் ரசீது வாங்கிட்டு வருவாரு. பேர், முகவரி, நம்பர் எல்லாம் அரசாங்கத்துகிட்ட இருக்கற ஒரு பொருள வெச்சு அதே அரசாங்கத்த எப்படி எதிர்க்கறது?

மச்சான் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். 1964ல அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துல கறுப்பினத்தவங்க தங்களுக்குள்ளயே ஒரு ஆயுதக் காவல் அமைப்பு ஆரம்பிச்சு கு கிளக்ஸ் கிளான்ங்கற வெள்ளையின வெறிக் கும்பல்கிட்ட இருந்து உரிமைப் போராட்டக்காரங்கள காப்பாத்தினாங்க. 1995லேர்ந்து ஜம்மு மலைக் கிராமங்கள்ல பாதுகாப்புக் குழுக்களுக்கு ரைஃபிள் குடுத்தாங்க. போலீஸ் இல்லாத இடம், இல்ல போலீஸே எதிரி பக்கம் நிக்கிற இடம்னா துப்பாக்கி உயிர காப்பாத்தியிருக்கு, ஆனா அதுவும் ஊரே கூடி மாத்தி மாத்தி காவல் நின்னப்பதான், அவனவன் அலமாரியில வெச்சப்ப இல்ல.

உங்க வீட்லயும் இப்படி ஒன்னு மிஞ்சியிருந்தா முதல்ல அத டீலர்கிட்ட டெபாசிட் பண்ணி ரசீது வாங்கிடுங்க, வெச்சுக்கறதா விக்கிறதான்னு அப்புறம் நிதானமா பேசலாம். விக்கிறதுன்னா பெரிய விலைய எதிர்பார்க்க வேணாம், எங்களுக்குக் கிடைச்சது பின்கதவு கிரில் செலவுக்கே முழுசா பத்தல.